ஆளும் ஆணையும்



வாயிலில் வந்து நிற்கும் புதியவர் ஒருவரை நோக்கி நம் முன்னோர் இரண்டு வினாக்களை விடுத்தனர். ‘நீர் யார்?’ என்பது முதல் வினா. ‘யார் சொல்லி வந்தீர்?’ என்பது இரண்டாம் வினா. முதலாவது ஆளைப் பற்றியது. இரண்டாவது ஆணையைப் பற்றியது. வந்தவர் இன்னார் என்று தெளிந்த பின்னரும், அவர் கேட்கும் பொருளைக் கொடுப்பதற்கு இரண்டாம் வினாவின் விடை கிடைத்தாக வேண்டும். தம்பியின் மகன் தம்பியின் மகனே என்பது உறுதியானாலும், பெட்டகத்துத் திறவுகோலை அவனிடம் கொடுக்கும்படி தம்பி சொல்லியனுப்பினாரா என்பது வேறு செய்தியன்றோ?

இவ்விரு வினாக்களும் இன்று கணினியின் வாயிலுக்கு வந்து சேர்ந்துள்ளன. வங்கிக் கணக்கு, அரசாங்கக் கொடுப்பனவு, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, மருத்துவக் குறிப்பு ஆகிய யாவும் கணினியின் வழியே நடமாடத் தொடங்கிவிட்டன. கணினிக்கு ஊர்ப் பழக்கம் இல்லை, உறவுமுறை தெரியாது. ஆளை எவ்வாறு அறிய வேண்டும், ஆணையை எவ்வாறு சோதிக்க வேண்டும் என்று மனிதன் எழுதிவைத்த விதியளவே அதன் அறிவு. விதியை எழுதியவன் ஓரிடத்தில் கண்ணயர்ந்தால், அந்த இடைவெளியில் ஒருவன் மற்றொருவனாகப் புகுந்துவிடுகிறான். ஆள்மாறாட்டம் என்று சட்டம் சொல்லும் பழைய குற்றமே புதிய உடை உடுத்து வருகிறது. அதன் தன்மையையும் தடுக்கும் வழியையும், மட்டக்களப்பு நாட்டு வாழ்க்கையைச் சான்றாகக் கொண்டு இன்று சிந்திப்போம்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடப்பது. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. மேற்கே வயலும் காடும் மேய்ச்சற்றரையும் விரிந்து கிடப்பது படுவான்கரை. ஞாயிறு எழும் கரை ஒன்று. படும் கரை மற்றொன்று. இரு கரைகளுக்கும் இடையே போக்குவரவு செய்வோர், ‘பாதை’ என்று அந்நாட்டார் வழங்கும் மிதவைகளில் ஏறியே துறைகளைக் கடந்தனர். மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை நிலைமை அதுவே. எனவே அக்கரையில் இருப்பவரின் சொல்லை இக்கரைக்கு ஒருவர் சுமந்து வருவது அங்கே நாள்தோறும் நிகழ்ந்தது. நெல்லின் விலையைப் பேச ஒருவர் வருவார். கச்சேரியில் மனுக் கொடுக்க ஒருவர் வருவார். வந்தவர் தமக்காக வந்தாரா, பிறருக்காக வந்தாரா என்பதை அறிந்துகொள்ளும் தேவை அங்கே மிகுதியாக இருந்தது.

ஆளை அறிவதற்கு மட்டக்களப்பார் கண்ட வழி, குடி. தாய்வழியாக வரும் குடிப் பிரிவு அந்நாட்டுத் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் உண்டு. புதியவர் ஒருவர் தம் குடியைச் சொன்னால், அதனோடு அவர் தாய், தாயின் தாய், உடன்பிறந்தார் எல்லாரும் சொல்லில் வந்துவிடுவர். அக்குடியைச் சேர்ந்த ஒருவர் பக்கத்திலேயே இருப்பார். இரண்டு கேள்வி கேட்டாற் பொய் வெளிப்பட்டுவிடும். அம்முறையில் ஏற்றத்தாழ்வுகளும் கலந்திருந்தன என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் ‘நான் இன்னார்’ என்று ஒருவர் தாமே சொல்வது போதாது, அதனைச் சொல்லத்தக்க வேறொருவர் உறுதிப்படுத்த வேண்டும் என்ற உண்மையை அம்முறை உணர்ந்திருந்தது.

இங்கே ஒரு சொல்லைக் கவனித்தல் சுவை தரும். நாணயம் நல்லதா, கள்ளதா என்று நோட்டம் பார்ப்பவனுக்குப் பழந்தமிழில் வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர் சிலரின் பெயரோடும் அச்சொல் சேர்ந்து வருகிறது. மட்டக்களப்பிலே கோயிற் பொறுப்பை ஏற்று நடத்துவோரை வண்ணக்கர் என்பர். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயம் போன்ற பெருங்கோயில்களில் வண்ணக்கர் பதவி குடிவழியாக வருவது. வண்ணக்கர் கோயிற் பொருளைத் தம் பொருளாக ஆள்வதில்லை. குடியின் பெயரால் ஆள்கிறார். ஆளும் ஆணையும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இன்னும் விளக்கமான சான்று மாட்டுப்பட்டியில் இருக்கிறது. படுவான்கரையின் மேய்ச்சற்றரைகளில் பலருடைய மாடுகள் ஒரே பட்டியில் நிற்கும். எது எவருடையது என்பதை உடலிற் சுட்ட குறி காட்டும். 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டமும் குறிசுடுதலுக்கும் மாட்டுச் சீட்டுக்கும் விதி செய்துள்ளது. மாட்டை மேய்ப்பவர் ஒருவர், உடையவர் மற்றொருவர். மேய்ப்பவர் மாட்டை ஓட்டிச் செல்லலாம், நீர் காட்டலாம், பேசிக்கொண்ட முறைப்படி பால் கறக்கலாம். மாட்டை விற்க அவருக்கு உரிமை இல்லை. நாள் முழுவதும் மாடு அவர் கையில் இருப்பினும், குறி உடையவர் பெயரையே சொல்லும்; விற்பனைக்கு உடையவரின் சீட்டு வேண்டும். ஒப்படைத்தல் என்பது எல்லையுள்ள செயல் என்பதை மாட்டின் தோலிலேயே எழுதிவைத்தனர். பின்னர்க் கணினியைப் பற்றிப் பேசும்போது இப்பட்டியை மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

ஊர் சிறிதாய் இருந்தவரை குடியும் குறியும் போதுமாயிருந்தன. ஊர் பெருகி, முன்பின் அறியாதார் நடுவே கொடுக்கல் வாங்கல் நிகழத் தொடங்கியதும் எழுத்தும் சாட்சியும் தேவைப்பட்டன. நில உறுதி நொத்தாரிசு முன்னிலையிலும் இரு சாட்சிகள் முன்னிலையிலும் ஒப்பமிடப்பட வேண்டும் என்ற விதி இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தால் வந்தது. தம்மை வேறொருவராகக் காட்டி ஏமாற்றுவது 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையிலேயே குற்றமாக வகுக்கப்பட்டது. 1968ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுப் பரீட்சைகள் சட்டம், ஒருவருக்காக மற்றொருவர் பரீட்சை எழுதுவதையும் தண்டிக்கின்றது.

எழுத்தறியாதவர் என் செய்வது? வங்காளத்தில் ஜங்கிப்பூர் என்னும் இடத்தில் 1858ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷெல் என்ற ஆங்கில அதிகாரி, ஒப்பந்தக்காரர் ஒருவரின் உள்ளங்கையில் மை பூசி ஒப்பந்தத் தாளின் பின்புறத்திற் பதிப்பித்தார். பின்னாளில் ‘அது என் ஒப்பமன்று’ என்று அவர் மறுக்கலாகாது என்பதே நோக்கம். அங்கிருந்து வளர்ந்த கைரேகைக் கலைக்குக் கல்கத்தாவில் 1897ஆம் ஆண்டு ஒரு பணியகமே எழுந்தது. அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்னும் இரு வங்காள அறிஞர் ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் பெரும்பங்கு கொண்டனர்.

இத்தகைய சான்று இல்லாதபோது நேரும் இன்னலுக்குப் பவால் வழக்கு பெயர் பெற்றது. பவால் சமீனின் இரண்டாம் குமாரர் 1909ஆம் ஆண்டு டார்ஜிலிங்கில் இறந்தார் என்று கூறப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து டாக்காவில் தோன்றிய சந்நியாசி ஒருவர், அக்குமாரர் தாமே என்றார். 1936ஆம் ஆண்டு டாக்கா நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மேன்முறையீடுகள் கல்கத்தாவையும் இலண்டனையும் எட்டின. 1946ஆம் ஆண்டு பிரிவிக் கவுன்சிலும் அத்தீர்ப்பையே நிலைநிறுத்தியது. ‘நீர் யார்?’ என்ற ஒரு வினாவுக்கு விடை காண ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகள் தேவைப்பட்டனர்.

இலங்கையில் 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972ஆம் ஆண்டு முதல் தேசிய அடையாள அட்டை வழங்கப்படலாயிற்று. இவ்வட்டையின் இலக்கத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதன் தொடக்கத்தில் பிறந்த ஆண்டும், அதன் பின் அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பதும் அமைந்துள்ளன. பெண்களுக்கு நாளெண்ணோடு 500 கூட்டப்படும். ஆகவே இலக்கத்தை அறிந்தவர் பிறந்த நாளையும் அறிந்தவராகிறார். அவ்விலக்கத்தைப் பாடசாலைப் படிவத்தில் எழுதுகிறோம், கடையில் எழுதுகிறோம், விடுதியில் எழுதுகிறோம். அது ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் பெயர் போன்றது, இரகசியமன்று. ‘இலக்கம் சொன்னார், பிறந்த நாளும் சொன்னார், ஆகவே அவரே’ என்று தொலைபேசியில் முடிவு செய்யும் அலுவலகம் உண்மையில் எதையும் சோதிக்கவில்லை. பெயரைச் சொல்வது வேறு. பெயருக்கு உரியவர் என்று மெய்ப்பிப்பது வேறு.

இனிக் கணினிக்கு வருவோம். அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர் கூட்டத்தாரும் 1961ஆம் ஆண்டு செய்து காட்டிய கணினி முறை, ஒரே பொறியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்த வழி செய்தது. ஒருவர் கோப்பை மற்றவர் காணாதிருக்கக் கடவுச்சொல் அங்கே புகுந்தது. அடுத்த ஆண்டே, தமக்கு ஒதுக்கிய நேரம் போதாதென்று கருதிய ஆய்வாளர் ஒருவர், கடவுச்சொற்கள் முழுவதையும் அச்சிட்டு எடுத்துவிட்டார்! பூட்டும் பூட்டை உடைத்த கதையும் உடன்பிறந்தவை போலும்.

கடவுச்சொல் முதல் வினாவுக்கு ஒருவாறு விடை தந்தது. இரண்டாம் வினா, ஒரு கணினி மற்றொரு கணினியோடு பேசத் தொடங்கியபோது எழுந்தது. இவ்வாறு பொறிகள் பேசிக்கொள்ளும் வாயிலை ஏ.பி.ஐ. என்பர். அதனை ஒரு துறை எனக் கொள்வோம். இக்கரையில் நம் கையிலுள்ள செயலி. அக்கரையில் நம் பணத்தையும் பதிவையும் காக்கும் நிலையம். துறையில் நின்று, இன்ன சரக்கு வேண்டும் என்று உரிய முறையிற் கேட்டால் அக்கரையிலிருந்து அது வரும். கேட்பவர் யார், எவர் பொருட்டுக் கேட்கிறார் என்பதைத் துறைகாரன் அறிந்தாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். படுவான்கரையில் ஒரு பாற் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அங்கத்தவர் தத்தம் பாலுக்குரிய பணம் வங்கிக்கு வந்துவிட்டதா என்பதைக் கைத்தொலைபேசியிலேயே பார்க்கும்படி, கணினி கற்ற ஊர் இளைஞர் ஒருவர் செயலியொன்றை அமைக்க முற்படுகிறார். செயலி, அங்கத்தவரின் பொருட்டு வங்கியின் துறையில் நின்று கேட்க வேண்டும். அதற்கு மூன்று வழிகள் அவர் முன் தோன்றும்.

முதல் வழி, அங்கத்தவர் ஒவ்வொருவரிடமும் வங்கிக் கடவுச்சொல்லை வாங்கிச் செயலியில் வைத்துக்கொள்வது. எளிய வழிதான், ஆனால் மிகத் தீய வழி. கணக்கைப் பார்க்க வந்த செயலி, பணத்தை அனுப்பவும் வல்லதாகிவிடுகிறது. மேய்ப்பவரிடம் மாட்டோடு விற்பனைச் சீட்டையும் ஒப்பமிட்டுக் கொடுத்ததற்கு இது ஒப்பாகும். செயலி செய்தது எது, அங்கத்தவர் செய்தது எது என்பதை வங்கி வேறுபடுத்த இயலாது. சங்கத்தின் கணினியில் ஒரு திருடன் நுழைந்தால் ஊர் முழுவதின் கணக்கும் ஒரே இரவில் அவன் கைக்குப் போகும்.

இரண்டாம் வழி, வங்கி சங்கத்திற்கு ஒரு முதன்மைத் திறவுகோலைக் கொடுப்பது. செயலி அதனைக் காட்டி, ‘இது 27ஆம் அங்கத்தவருக்காகக் கேட்கிறேன்’ என்று சொல்லும். வங்கி சங்கத்தை நம்பி விடை தரும். இங்கே செயலி அங்கத்தவரின் வேடத்தைப் பூண்டு பேசுகிறது. இவ்வழியை அறவே விலக்க முடியாது. பல நிறுவனங்களில் இதற்கு நியாயமான தேவை உண்டு. ஆனால் அந்த ‘27’ என்னும் எண் எங்கிருந்து வந்தது? அங்கத்தவரின் கைத்தொலைபேசி அனுப்பிய எண்ணை அப்படியே வங்கிக்குக் கடத்தினால், சிறிது சூழ்ச்சி அறிந்த ஒருவர் 27ஐ 28 என்று மாற்றி அடுத்த வீட்டார் கணக்கைப் பார்த்துவிடுவார். சங்கத்தின் திறவுகோல் மெய்யானது. வங்கியும் சரியாகவே விடை தந்தது. ஆயினும் பொருள் பிறர் கைக்குப் போயிற்று. இது அரிதான பிழையன்று. மென்பொருட் பாதுகாப்பை ஆராயும் ஓவாஸ்ப் என்னும் அமைப்பு 2019ஆம் ஆண்டும் 2023ஆம் ஆண்டும் வெளியிட்ட ஏ.பி.ஐ. குறைகளின் பட்டியலில் இவ்வகைக் குறையே முதலிடம் பெற்றது. மருந்து ஒன்றுதான்: எண்ணைக் கேட்பவரின் வாயிலிருந்து எடுக்கலாகாது. அவர் உள்ளே வரும்போது சோதித்து அறிந்த அடையாளத்திலிருந்து சங்கத்தின் பொறி தானே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் வழியே செவ்விய வழி. செயலி அங்கத்தவரை வங்கியின் சொந்த வாயிலுக்கே அனுப்பிவைக்கும். அங்கே அவர் தம் கடவுச்சொல்லை வங்கியிடம் மட்டும் சொல்வார். வங்கி அவரை நோக்கி, ‘பாற் சங்கத்தின் செயலி உம் கணக்கின் வரவைப் பார்க்க விரும்புகிறது, சம்மதமா?’ என்று கேட்கும். அவர் இசைந்தால், வங்கி செயலிக்கு ஓர் அனுமதிச்சீட்டைக் கொடுக்கும். அதில் மூன்று செய்திகள் அடங்கும்: யார் பொருட்டு, என்ன செய்ய, எவ்வளவு காலத்துக்கு. பார்க்கக் கொடுத்த சீட்டாற் பணம் அனுப்ப இயலாது. காலம் கடந்தால் சீட்டு செல்லாது. மனம் மாறினால் கடவுச்சொல்லை மாற்றாமலே அச்சீட்டை மட்டும் விலக்கிவிடலாம். ஓ-ஆத் என்னும் பெயரால் 2007ஆம் ஆண்டு உருப்பெற்ற இம்முறையின் இரண்டாம் வடிவம் 2012ஆம் ஆண்டு பொது நியமமாக வெளியிடப்பட்டது. உலகத்துப் பெரு நிறுவனங்கள் பலவும் இதனையே கைக்கொண்டுள்ளன. மாட்டுப்பட்டியின் நீதி இதுவே என்பதை நேயர்கள் உணர்ந்திருப்பர்: மேய்க்கவும் கறக்கவும் அனுமதி, விற்க அனுமதி இல்லை.

இனி, நல்லெண்ணமுடைய ஏவலாளனையே ஏமாற்றும் ஒரு வகை உண்டு. வயலுக்கு நீர் பாய்ச்சும் ஒழுங்கை மேற்பார்ப்பவரை மட்டக்களப்பில் வட்டவிதானை என்பர். வாய்க்கால் மடையைத் திறக்க அவருக்கு உரிமை உண்டு. ஒருவர் வந்து பிறருடைய வயலின் நீரைத் தம் பக்கம் திருப்பும்படி கேட்கிறார் எனக் கொள்வோம். வட்டவிதானை, ‘மடை திறக்க எனக்கு உரிமை உண்டா?’ என்று தம்மையே கேட்டுக்கொண்டால் விடை ‘உண்டு’ என்பதே, மடை திறந்துவிடும். ‘இவருக்கு இதைக் கேட்க உரிமை உண்டா?’ என்று அவர் கேட்டிருக்க வேண்டும். நார்ம் ஹார்டி என்ற அமெரிக்க அறிஞர் 1988ஆம் ஆண்டு எழுதிய ஒரு கட்டுரையில் இம்மயக்கத்தைக் கணினியில் எடுத்துக் காட்டினார். கட்டணக் கணக்குக் கோப்பில் எழுதும் உரிமை ஒரு செய்நிரலுக்கு இருந்தது. பயனர் ஒருவர் தம் வேலையின் விளைவை எழுதவேண்டிய இடமாக அக்கணக்குக் கோப்பின் பெயரையே கொடுத்தார். செய்நிரல் தன் சொந்த உரிமையைக் கொண்டு அங்கே எழுதிற்று, கணக்கெல்லாம் அழிந்தன. மயங்கிய ஏவலாளன் என்று இதனைக் குறிப்பிடுவர். பிறருக்காகச் செயற்படும் செய்நிரல் எதுவும் தன் வலிமையை மறந்து, தன்னை ஏவியவரின் உரிமையை மட்டும் துணையாகக் கொள்ள வேண்டும் என்பதே அக்கட்டுரையிலிருந்து நாம் கொள்ளும் பாடம்.

ஒருவர் மற்றொருவரின் வேடத்தைப் புனைவது எப்போதும் குற்றந்தானா? இல்லை. மட்டக்களப்பு, வடமோடிக் கூத்துக்கும் தென்மோடிக் கூத்துக்கும் பெயர் பெற்ற நாடு. களரியில் அரசனாக வந்து நிற்பவர் அயலூர் உழவர் என்பது சபைக்குத் தெரியும். வேடத்தின் பெயரும் ஆளின் பெயரும் ஒருங்கே அறியப்பட்டிருப்பதால் அங்கே வஞ்சகம் இல்லை, கலை இருக்கிறது. பாடசாலை அலுவலகத்திலும் இம்முறை உண்டு. அதிபர் இல்லாத நாளில் பிரதி அதிபர் கடிதத்தில் ஒப்பமிடும்போது, ‘அதிபருக்காக’ என்று எழுதித் தம் சொந்த ஒப்பத்தையே இடுகிறார். அதிபரின் ஒப்பத்தைப் பார்த்து எழுதினால் அது கள்ள ஒப்பம். ‘அதிபருக்காக’ என்று எழுதித் தம் பெயரை இட்டால் அது கடமை. இரண்டிலும் கடிதம் ஒன்றே. பொறுப்பு எவருடையது என்பது ஒன்றில் மறைந்துவிடுகிறது, மற்றொன்றில் விளங்குகிறது.

கணினியிலும் இத்தேவை வரும். பயனர் ஒருவர், ‘என் திரையில் இப்படித் தோன்றுகிறது’ என்று முறையிடும்போது, உதவி செய்யும் அலுவலர் அப்பயனராக உள்நுழைந்து பார்த்தாலன்றிக் குறை விளங்காது. அதற்கென ‘இன்னாராகப் பார்’ என்னும் வசதியை அமைப்பதுண்டு. அதில் எத்துணை விழிப்பு வேண்டும் என்பதை 2018ஆம் ஆண்டு உலகம் அறிந்தது. பேஸ்புக் நிறுவனத்தில், தம் பக்கம் பிறர் கண்ணுக்கு எவ்வாறு தோன்றும் என்று பார்க்க ஒரு வசதி இருந்தது. அது பார்ப்பதற்கு மட்டும் உரியது. ஆனால் பிறந்தநாள் வாழ்த்துக்கான காணொளியை ஏற்றும் கருவி அதனுள்ளே தவறுதலாகத் தோன்றிற்று. அக்கருவி ஓர் அனுமதிச்சீட்டை உண்டாக்கிற்று. அச்சீட்டோ, பார்ப்பவருடைய பெயரால் எழாமல், எவருடைய கண்கொண்டு பார்க்கப்பட்டதோ அவருடைய பெயரால் எழுந்தது! தனித்தனியே சிறிதாகத் தோன்றும் மூன்று பிழைகள் ஒன்றுகூடின. ஏறத்தாழ 3 கோடிப் பேரின் சீட்டுகள் களவு போயின என்று அந்நிறுவனமே அவ்வாண்டு ஒக்டோபரில் அறிவித்தது. கடவுச்சொல் ஒன்றும் திருடப்படவில்லை. சீட்டு கையில் இருந்தால் கடவுச்சொல் எதற்கு?

2020ஆம் ஆண்டு யூலை மாதம் டுவிட்டர் நிறுவனத்தில் நிகழ்ந்தது வேறு வகை. வஞ்சகர் தொலைபேசியிற் பேசி அலுவலர் சிலரை ஏமாற்றி, உள்ளகக் கருவிகளைக் கைப்பற்றினர். 130 கணக்குகளை அவர்கள் குறிவைத்தனர். 45 கணக்குகளிலிருந்து, உலகறிந்த பெரியோர் பெயரால், பணம் அனுப்பச் சொல்லும் பொய்ச் செய்திகளை வெளியிட்டனர். எவராகவும் ஆகக்கூடிய திறவுகோல் ஒன்று இருக்குமாயின், அதனைக் காப்பவரின் விழிப்பே அனைவருடைய காவலும் ஆகிறது.

ஆகவே பிறர் வேடம் பூணும் வசதியை அமைப்போர் சில ஒழுங்குகளை விடாது கைக்கொள்ள வேண்டும். செயற்குறிப்பில் இரு பெயர்களும் பதிய வேண்டும்: செய்தவர் இன்னார், எவராகச் செய்தார் என்று. பார்ப்பதற்குத் தந்த அனுமதியில் மாற்றும் வல்லமை கலத்தல் ஆகாது. கடவுச்சொல்லை மாற்றுதல், பணம் அனுப்புதல் போன்றவை அவ்வேடத்தில் முற்றாக மூடப்பட்டிருக்க வேண்டும். காலம் குறுகியதாக இருக்க வேண்டும். உரியவருக்கு அறிவித்தல் வேண்டும். இயலுமாயின் முன்னரே அவர் இசைவைப் பெறுதல் வேண்டும். முதன்மைத் திறவுகோலைப் பயனரின் கைத்தொலைபேசியில் ஏறும் செயலிக்குள் ஒருபோதும் வைத்தலாகாது. பிரித்துப் பார்ப்பவன் கையில் அது அகப்பட்டுவிடும்.

இவை செயலி அமைப்போர்க்கு உரியன. மற்றையோர்க்கு உரியதும் ஒன்று உண்டு. வாவிக்கரை ஊர்களில் முதியோர் பலர் தம் கைத்தொலைபேசியைக் கடைக்காரரிடமோ அயல்வீட்டுப் பிள்ளையிடமோ கொடுத்து, அதில் வரும் ஒருமுறை எண்ணையும் வாசித்துக் காட்டச் சொல்கின்றனர். கடல் கடந்து உழைக்கச் சென்ற மகள், வங்கிக் கடவுச்சொல்லை ஊரிலுள்ள உறவினருக்குச் சொல்லிச் செல்கிறாள். அலுவலகங்களிலோ ஒரே கடவுச்சொல்லைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருப்பதும் உண்டு. இவற்றில் வஞ்சக நோக்கம் இல்லை, நம்பிக்கையே இருக்கிறது. ஆனால் நாளை ஒரு தொகை குறைந்தால், மாணவர் ஒருவரின் புள்ளி மாறியிருந்தால், எவர் செய்தார் என்று எவராலும் சொல்ல முடியாது. குற்றமற்றவர் தம் குற்றமின்மையை மெய்ப்பிக்க வழியின்றி நிற்பார். நல்லவர் மீது பழி விழாதிருக்கவும், ஏழையின் சேமிப்பு கரையாதிருக்கவும் வேண்டுமெனில், ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் தனிச் சொல்லும் வேண்டும்.

சட்டத்தில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. வெளிநாடு செல்பவர் தம் காணியைப் பார்க்க உறவினருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுக்கிறார். இலங்கையில் 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதற்கு வழி செய்தது. அப்பத்திரத்தில் இன்ன இன்ன செய்யலாம் என்று எழுதப்பட்டிருக்கும். வேண்டாதபோது மீளப் பெறலாம். பெற்றவர் தம் சொந்தப் பெயரால், கொடுத்தவருக்காக ஒப்பமிடுவார். தம் முகத்தைக் கழற்றி எவரும் எவருக்கும் கொடுப்பதில்லை; தாளைத்தான் கொடுக்கின்றனர். கடவுச்சொல்லைக் கொடுப்பது முகத்தைக் கழற்றிக் கொடுப்பதாகும். கணக்கைப் பார்க்கும் உரிமையைக் குடும்பத்தாருக்கு முறைப்படி வழங்க இயலுமா என்று வங்கியிடம் கேட்டறிவதே தக்கது.

2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியின்றிப் பிறர் கணினியிற் புகுவதைக் குற்றமாக்கிற்று. தனிநபர் தரவுகளைக் காக்கும் கடமையை நிறுவனங்கள் மீது சுமத்தும் சட்டம் 2022ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. சட்டம் பின்னே வரும்; விழிப்பு முன்னே செல்ல வேண்டும். கணினி கற்கும் இளைஞர் ஒவ்வொரு வாயிலையும் அமைக்கும்போது, உள்ளே வருபவர் யார் என்று ஒருமுறையும், அவர் கேட்பதற்கு ஆணை உண்டா என்று ஒவ்வொரு முறையும் சோதிப்பாராக. முதியோர், ஒருமுறை எண்ணைக் கேட்டு வருபவர் வங்கியின் பெயரைச் சொன்னாலும், மகனின் பெயரைச் சொன்னாலும், ‘யார் சொல்லி வந்தீர்?’ என்ற பழைய வினாவைக் கேட்கத் தயங்காதிருப்பாராக. அவ்வினா மரியாதைக் குறைவன்று. கேட்பவருக்கும் சொல்பவருக்கும் அது ஒருங்கே காவல்.